என்விடிஏ: தமிழில் வேலை பார்க்கும் பார்வையற்றவருக்குப் போதுமா?

புதிதாக லேப்டாப் வாங்கப்போகும் பார்வையற்ற நண்பர்களும், கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரும் அடிக்கடி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்களில், தமிழுக்கு இலவசமான என்விடிஏ போதுமா, இல்லை கடன் வாங்கியாவது விலை கொடுத்து ஜாஸ் வாங்க வேண்டுமா? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பார்வையற்றவன், மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். கேள்வித்தாள் தயாரிப்பது, மதிப்பெண் பட்டியல் போடுவது, நாவல் படிப்பது, இதோ இந்தக் கட்டுரையை எழுதுவது எல்லாமே என்விடிஏவில்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போதும். தமிழில் நம் வேலை நின்றுபோகிற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நமக்கு வந்து சேரும் தமிழ்க் கோப்புகள். அதைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், பார்வையுள்ளவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். என்விடிஏ ஒரு ஸ்கிரீன் ரீடர். விண்டோஸில் நாம் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது, அது பட்டனா, பெட்டியா, பட்டியலா, டிக் போட்டிருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் குரலில் சொல்லும். மவுஸ் தேவையில்லை, எல்லாமே விசைப்பலகையில் நடக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் இதை எழுதத் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், 2007-ல் இருவரும் என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். பார்வையுள்ளவர் வாங்குகிற அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்த நாம் மட்டும் ஏன் தனியாக இன்னொரு பெரிய தொகை கட்ட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த மென்பொருள் இது, அதனால்தான் இன்றுவரை இலவசமாகவும் திறந்த மூலமாகவும் இருக்கிறது. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகம் முழுக்க ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்களிடம் வெப்எய்ம் அமைப்பு நடத்தும் கருத்துக்கணிப்புகளில் பல வருடங்களாக ஜாஸும் என்விடிஏவும்தான் முதல் இரண்டு இடங்களில் நிற்கின்றன.

நிறுவுவது பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். டவுன்லோட் ஆன கோப்பைத் திறந்தவுடனேயே, நிறுவுவதற்கு முன்பே, ஒரு சின்ன இசையோடு அது பேச ஆரம்பித்துவிடும். உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் மூன்று வழி கேட்கும்: இந்தக் கணினியில் நிறுவவா, பென்டிரைவில் வைத்துக்கொள்ளும் பிரதி தயாரிக்கவா, இப்போதைக்கு அப்படியே ஓடட்டுமா. பக்கத்தில் பார்வையுள்ளவர் யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து முடித்துவிடலாம். பென்டிரைவ் பிரதி அவசரத்துக்குக் கைகொடுக்கும். பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ செருகினால் நம் குரல், நம் வேகம், நம் அமைப்புகள் அப்படியே வந்துவிடும். ஆனால் அது விண்டோஸ் லாகின் திரையில் பேசாது, நிர்வாகி அனுமதி கேட்கும் திரைகளிலும் ஊமையாகிவிடும். அதனால் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்வதுதான் சரி. நிறுவிய பிறகு கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடும்.

இனி குரல். தமிழில் என்விடிஏ என்றதும் முதலில் வரும் புகாரே இதுதான், குரல் ரோபோ மாதிரி இருக்கிறது என்பது. உண்மைதான். என்விடிஏவோடு கூடவே வரும் இ-ஸ்பீக் குரல் மனிதக் குரலைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டியது கிடையாது, ஒலிகளைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. கேட்க உலர்ந்து இருக்கும். ஆனால் அந்தச் செயற்கைத் தன்மையால் இரண்டு லாபம் உண்டு. விசையைத் தட்டிய நொடியே பேசும், காத்திருக்க வேண்டாம். வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் எழுத்துகள் உடையாமல் தனித்தனியாகக் கேட்கும். பழகிய ஒருவர் கேட்கும் வேகத்தை முதல்முறை கேட்கும் பார்வையுள்ளவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஒரு நாளில் பத்துக் கோப்பைத் திறந்து மூடி, நூறு பட்டனைத் தாண்டி வேலை பார்க்கிறவருக்கு இந்த வேகம்தான் முக்கியம். முதல் நாளே இனிமை இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காது பழகக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

இனிமையான குரல் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வள்ளுவர் என்ற பெயரில் மைக்ரோசாஃப்டின் தமிழ் ஆண் குரல் உண்டு. தானாக வராது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதன் பேச்சுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் என்விடிஏ விசையோடு (இன்சர்ட், அல்லது நாமே அமைத்துக்கொண்டால் கேப்ஸ் லாக்) கன்ட்ரோல், எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்தால் வள்ளுவர் பட்டியலில் இருப்பார். சிறுகதை, நாவல், நீண்ட கட்டுரை கேட்க எனக்கு வள்ளுவர், வேலைக்கு இ-ஸ்பீக். ஒவ்வொரு முறையும் கையால் மாற்றவும் வேண்டாம், பலருக்குத் தெரியாத வசதி ஒன்று என்விடிஏவில் இருக்கிறது: அமைப்புச் சுயவிவரங்கள். தொடர்ந்து வாசி என்ற கட்டளை கொடுக்கும்போது மட்டும் ஒரு குரல், மற்ற நேரம் இன்னொரு குரல் என்று வைத்துக்கொள்ளலாம். வேர்டுக்குத் தமிழ்க் குரல், பிரவுசருக்கு ஆங்கிலக் குரல் என்று மென்பொருள் வாரியாகவும் பிரிக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதை விட்டுப் போக மாட்டேன்.

இங்கே புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த குரல்கள் சில, தமிழ் எழுத்து வந்தால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். பக்கமே காலி என்று நினைத்து மூடிவிடுவோம். காலியாகத் தெரிந்தால் உடனே தமிழ்க் குரலுக்கு மாற்றிப் பாருங்கள். தானாக மொழி மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய, பக்கத்தைத் தயாரித்தவர் இது தமிழ், இது ஆங்கிலம் என்று உள்ளே குறித்திருக்க வேண்டும். தமிழ்த் தளங்களில் பலர் அதைச் செய்வதில்லை, தமிழ்ப் பக்கத்துக்கே ஆங்கிலம் என்று குறி போட்ட தளங்களும் உண்டு.

உச்சரிப்பில் திருத்த வேண்டியதைப் பேச்சு அகராதியில் திருத்திக்கொள்ளலாம். எ.கா. என்று வந்தால் எடுத்துக்காட்டு என்றும், கி.மு. என்று வந்தால் கிறிஸ்துவுக்கு முன் என்றும் வாசிக்க ஒருமுறை எழுதி வைத்தால் போதும். பாடநூல் படிக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இணையத்தில் என்விடிஏவின் வேகம் அசாத்தியம். எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, பி பட்டன், இ எழுதும் பெட்டி. என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். அட்டவணைக்குள் கன்ட்ரோல், ஆல்ட் பிடித்து அம்புக்குறிகளை அழுத்தினால் ஒவ்வொரு கட்டமாக நகரலாம், நெடுவரிசையின் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும், அதனால் இந்த எண் எந்தப் பாடத்தின் மதிப்பெண் என்று குழம்ப வேண்டியதில்லை. ஆனால் இத்தனையும் நடக்க, தலைப்பை உண்மையான தலைப்பாக அந்தத் தளம் எழுதியிருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துவிட்டால் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும், என்விடிஏவுக்கு அது வெறும் வரி. பெயரிடாத பட்டனை அது பட்டன் என்று மட்டும்தான் சொல்லும், வேறு என்ன சொல்ல முடியும்? மதிப்பெண் ஏற்றும் தளம் ஒன்றில் வரிசையாகப் பெட்டிகள், எந்தப் பெட்டிக்கும் பெயர் இல்லை. எந்த மாணவருடைய எந்தப் பாடம் என்று எண்ணி எண்ணி நிரப்பினேன். ஒரு பெட்டி தவறினால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும், பெட்டிக்குப் பெயர் வைப்பதோ அதைச் செய்தவருக்கு ஒரு வரி வேலை.

படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச் சொல்லும் கேப்ட்சா இன்னொரு சுவர். வங்கிக் கணக்குக்கு வாடிக்கையாளர் சரிபார்ப்பு செய்யும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு என்கிறார்கள். இதைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்புச் சொன்னது: டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி, இந்தச் சரிபார்ப்பு முறைகளை மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடியதாக மாற்றுங்கள் என்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே மின்னணுச் சேவைகளை அணுகத்தக்கதாக வைத்திருக்கச் சொல்கிறது. எந்தச் சேவையிலாவது சிக்கிக்கொண்டால் புகார் மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கும் தொனி வேண்டாம்.

தமிழில் எழுதுவது பற்றி. விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன, தனி மென்பொருள் தேவையில்லை. தட்டத் தட்ட எழுத்தாகச் சொல்லவா, சொல்லாகச் சொல்லவா என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒரு நுணுக்கம் சொல்கிறேன்: பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போகாது. கோ என்று தட்டிவிட்டு ஒருமுறை அழித்தால் துணைக்குறி மட்டும் போய் க நிற்கும். இது தெரியாமல் எழுதினால் வரியில் தேவையில்லாத எழுத்துகள் மிச்சம் கிடக்கும். அழித்த பிறகு அம்புக்குறியால் ஒரு முறை நகர்ந்து கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

இதைவிடக் கடினம் பிழை பார்ப்பது. மரம், மறம் இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், இந்தக் குரல்களில் மட்டுமில்லை, நம்மில் பெரும்பாலோர் பேச்சிலும் அப்படித்தான். ந, ன இரண்டும் அதே கதை. தமிழாசிரியருக்கு இது உயிர் போகிற விஷயம். எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டாலும் சந்தேகம் தீராத இடங்கள் இருக்கின்றன. அங்கே விரலைத்தான் நம்ப வேண்டும். திரையில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெய்ல் டிஸ்பிளே கருவிகளோடு என்விடிஏ வேலை செய்யும், தமிழ்ப் பிரெய்ல் அட்டவணையும் உள்ளேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ர வேறு புள்ளி, ற வேறு புள்ளி, சந்தேகத்துக்கே இடமில்லை. கருவியின் விலைதான் அதிகம், தனி ஆள் வாங்குவது சிரமம். பள்ளி, கல்லூரி, நூலகங்கள் வாங்கி வைத்துப் பகிர வேண்டிய பொருள் அது. பிரெய்ல் தெரிந்த பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எதற்கு என்று பிரெய்லிலிருந்து விலக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காதால் மட்டுமே தமிழ் படித்து வளரும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை வராமல் இருக்க வழியே இல்லை.

சரி, கோப்புகளுக்கு வருகிறேன். கேள்வித்தாள், சுற்றறிக்கை, ஆய்வேடு, அழைப்பிதழ் என்று எதை அனுப்பினாலும் அச்சகத்தில், டிடிபி கடையில் செய்ததென்றால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். இலங்கைத் தமிழ் நண்பர்களின் கோப்புகளிலும் பாமினி நிறைய. பாமினியில் தமிழ் என்று கண்ணுக்குத் தெரியும் சொல், கணினிக்கு உள்ளே ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் வரைந்து காட்டுகிறது. என்விடிஏ உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும், எனவே ஒரு பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளைக் கொட்டும். உங்கள் சாஃப்ட்வேர் தமிழ் படிக்காதா சார் என்று அனுப்பியவர் கேட்பார். படிக்கும், நீங்கள் அனுப்பியது தமிழாக இல்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடை, ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது, இத்தனை வருடம் கழித்தும் பழைய எழுத்துருக் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. வேர்டு கோப்பாக வந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டு ஒருங்குறியாக்கிவிடலாம், ஆனால் ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ் எழுத்தாகச் சிதைந்துவிடும், உட்கார்ந்து திருத்த வேண்டும்.

பிடிஎஃப் இன்னும் மோசம். ஒருங்குறியில் செய்த பிடிஎஃப்பிலேயே சில நேரம் எழுத்துகள் திரையில் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். கொ என்ற எழுத்து கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக என்று மூன்று துண்டாகக் கிடக்கும், வாசிப்பு தடுக்கித் தடுக்கி விழும். அப்புறம் ஸ்கேன் செய்த பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் சுற்றறிக்கை. இவற்றில் எழுத்தே கிடையாது, வெறும் படம். என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால் படத்தில் உள்ள எழுத்தை எடுத்து வாசிக்கும் வசதி உண்டு, ஆனால் அது விண்டோஸின் எழுத்துணரியை நம்பியது, அதில் தமிழ் இல்லை. ஆங்கிலக் கடிதத்துக்கு உதவும், தமிழுக்கு உதவாது. இதற்கு நான் செய்வது: கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது. அச்சிட்ட தமிழை நன்றாகவே எடுத்துத் தரும். இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கம், அட்டவணை, மங்கலான ஜெராக்ஸ் என்றால் தடுமாறும். கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், இசட் அழுத்தி ஸ்கிரீன் ரீடர் ஆதரவை இயக்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒழுங்கான ஒருங்குறித் தமிழ் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய மதுரைத் திட்டத்தின் பக்கத்துக்குப் போங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி, சங்க இலக்கியத்திலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் எழுத்து வடிவில் கிடக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். குறுந்தொகையில் ஒரு பாட்டைத் தேடி, வரி வரியாக நிறுத்திக் கேட்டு, சொல்லைப் பிரித்துப் பார்த்து, பிடித்ததைப் பிரதி எடுத்துப் பாடக்குறிப்பில் ஒட்டி வகுப்புக்குப் போகிறேன். யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் காத்திருக்கவில்லை. அந்தத் தன்னார்வலர்கள் பார்வையற்றவர்களை நினைத்து அதைச் செய்தார்களோ இல்லையோ, எங்களுக்கு அது பெரும் கொடை. உங்கள் கையில் உள்ள கோப்பை எங்களில் ஒருவருக்கு அனுப்பும்போது ஒருங்குறியில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள், பிடிஎஃப்தான் கட்டாயம் என்றால் வேர்டையும் சேர்த்து அனுப்புங்கள். கேட்பது இவ்வளவுதான்.

ஜாஸோடு ஒப்பிட்டால்? ஜாஸ் வயதில் மூத்தது, டெட் ஹென்டர் 1989-ல் டாஸ் காலத்தில் கொண்டுவந்தது. நிறுவனங்களின் தனி மென்பொருள்களுக்கு ஏற்ப ஸ்கிரிப்ட் எழுதி வளைக்க அதில் வசதி அதிகம், சிக்கலான எக்செல் வேலையிலும் அதற்கென்று பெயர் உண்டு. கால் சென்டர், பெரிய அலுவலகம் என்று வேலைக்குப் போய், நிறுவனமே உரிமம் வாங்கிக் கொடுத்தால் மறுக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் அந்த விலை கொடுக்க வேண்டுமா என்றால், மாணவருக்கும் ஆசிரியருக்கும் சாதாரண அலுவலக வேலைக்கும் வேண்டாம் என்பதுதான் என் பதில். உரிமம் இல்லாமல் ஜாஸ் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். அப்படி 40 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மூடித் திறந்து தேர்வுக்குப் படித்த தலைமுறை எங்களுடையது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தேவை இல்லை என்பதே எனக்குச் சந்தோஷம்.

என்விடிஏவின் 2025.1 பதிப்பிலிருந்து தொலைவிலிருந்து இன்னொரு கணினியை இயக்கும் வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. முன்பு இதற்குத் தனி ஆட்-ஆன் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர் ஏதாவதில் சிக்கினால், இரண்டு பேரிடமும் என்விடிஏ இருந்தால் போதும், அவர் கணினி பேசுவது என் காதில் கேட்கும், என் விசைப்பலகையால் சரிசெய்து கொடுத்துவிடலாம். பார்வையற்ற ஒருவர் இன்னொரு பார்வையற்றவருக்கு யாருடைய தயவும் இல்லாமல் செய்யும் உதவி, எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

குறை என்று பார்த்தால் கற்றுக்கொடுக்கும் பொருள் தமிழில் குறைவு. மெனுக்களைத் தன்னார்வலர்கள் தமிழில் தந்திருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனாலும் கல்லூரி மாணவர்களை ஆங்கில மெனுவிலேயே பழகச் சொல்வேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் விண்டோஸின் செய்திகளும் அலுவலகக் கணினிகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நடு வயதில் பார்வை போனவர், ஆங்கிலம் அதிகம் பழகாதவர் என்றால் தயங்காமல் தமிழ் மெனு. அப்படிப்பட்டவருக்குப் போட்டுக் கொடுக்கும்போது முதல் வாரமே எல்லா விசைகளையும் சொல்லி மிரட்டாதீர்கள். பல லேப்டாப்களில் தனி எண்பலகை இருக்காது, அதனால் லேப்டாப் விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்து, கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வையுங்கள். குரல் வேகத்தைக் குறைத்து வையுங்கள், வள்ளுவரையே போடுங்கள். பேச்சை நிறுத்த கன்ட்ரோல் என்பதை முதலில் சொல்லுங்கள், இது பேசிக்கொண்டே இருக்கிறதே என்ற பதற்றம் அதோடு போய்விடும். அடுத்து என்விடிஏ விசையோடு 1. அதை அழுத்திவிட்டால் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன விசை, என்ன செய்யும் என்று பெயர் மட்டும் சொல்லும், எதுவும் அழியாது, எதுவும் திறக்காது. விசைப்பலகை முழுக்கத் தடவித் தட்டிப் பார்க்க விடுங்கள். திரும்பவும் அதையே அழுத்தினால் வழக்கம்போல் வேலைக்குத் திரும்பும்.

விலை பூஜ்யம். டவுன்லோட் செய்யும்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும், கொடுக்காவிட்டாலும் எந்த வசதியும் குறையாது. சம்பளம் வாங்க ஆரம்பித்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை முடிந்ததைக் கொடுங்கள், நான் கொடுக்கிறேன். டவுன்லோட் செய்யும்போது என்வி ஆக்சஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.